பெக்கோ வருமுன் பாலை மரத்தில் துணி கட்டுங்கள்

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட நான்கு ஏக்கர் காணியில் 12 வீடுகள் கட்டி விற்க இருக்கிறோம். பற்றைக்காட்டை முழுக்கத் துப்புரவாக்கி, கிரவல் பரவி, புல்லும் அலங்காரச் செடிகளும் வைக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். எனக்கு ஊர் மரங்களில்தான் விருப்பம். எவற்றை நடலாம்? கோடையில் தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: உங்கள் விருப்பம் மிகச் சரி. ஆனால் எதை நடுவது என்று யோசிக்க முதல், எதை வெட்டாமல் விடுவது என்று பாருங்கள். பற்றை என்று அவர் சொல்வதற்குள் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கக்கூடும். பாலை மிக மெதுவாக வளர்கிற மரம். கை மொத்தத்தில் நிற்கும் பாலைக்கே பல வருட வயது இருக்கும். மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் அதை ஒரு நிமிடத்தில் சாய்த்துவிடும். அந்த வயதில் இன்னொன்றை எங்கும் வாங்க முடியாது.

ஆகவே வரைபடத்தோடு காணிக்குள் நடந்து, நிற்கவேண்டிய ஒவ்வொரு மரத்திலும் சிவப்புத் துணி கட்டுங்கள். தேவையென்றால் வீட்டையோ உள்வீதியையோ சில மீற்றர் தள்ளுங்கள். கிளை விரிந்திருக்கும் அளவுக்குச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டால், அதற்குள் இயந்திரமோ மணல் குவியலோ போகாது. அடிமரத்தைச் சுற்றிக் கிரவல் நிரப்பவே வேண்டாம். வேருக்குக் காற்றில்லாமல் போய், மரம் சில வருடங்களில் பட்டுவிடும். பனை நின்றால், வெட்டுவதற்கு அனுமதி தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

மேல் அரை அடி மண்ணை வழித்துத் தனியாகக் குவித்து, கட்டுமானம் முடிந்ததும் திரும்பப் பரவுங்கள். காட்டு மரங்களின் விதையும் உக்கிய இலையும் அதில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கிரவலோடு பாதீனியம் என்ற களையின் விதையும் வந்துவிடக்கூடும். பாதீனியம் முளைத்தால் பூக்க முதல், கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

புல்லுக்கு வருவோம். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் புல் பச்சையாக இருக்க, ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். கால் ஏக்கர் புல்லுக்கு 5000 லீற்றர்! குடிக்கிற கிணற்றிலிருந்து அதை இறைப்பது நியாயமில்லை. அதற்குப் பதிலாக அறுகம்புல்லை வளர விடுங்கள். கோடையில் காய்ந்தாலும் முதல் மழைக்குத் தளிர்த்துவிடும்.

மழைநீர் காணிக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இந்த மாரியிலேயே பார்த்து வையுங்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் மருது, நாவல், புங்கை வையுங்கள். மேட்டுச் செம்மண்ணுக்கு வேம்பு, விளா, முதிரை. உள்வீதியோரம் கொன்றை வைத்தால் வெயில் கொளுத்தும் நேரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். வேலிக்கு மதிலை விடக் கிளுவைக் கதியால் நல்லது. இடையில் ஆடாதோடை வைத்தால் ஆடு கடிக்காது.

நடுகை ஐப்பசியில், நிலம் நன்றாக நனைந்த பிறகு. ஆளுயரச் சாடிக் கன்றை விட, ஒன்றரை அடிக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். அடியைச் சுற்றிப் பாத்தி கட்டிச் சருகு போடுங்கள், தண்டில் முட்டாமல். முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர் போதும். அப்புறம் பெரும்பாலும் தானாகச் சமாளிக்கும்.

பாலைக் கன்று கிடைப்பதில்லை என்று பலர் சொல்வார்கள். சப்போட்டாவை ஒட்டுவது பாலைக் கன்றில்தான். ஆகவே பழக்கன்று ஒட்டுகிற நாற்றுமேடையில், ஒட்டாத பாலைக் கன்றுகளைத் தரச் சொல்லிக் கேளுங்கள். காட்டுக்குள் போய்ப் பிடுங்க வேண்டாம். ஆணிவேர் அறுந்து அநேகமாக வாடிவிடும். மாரிக்குச் சில மாதங்கள் முன்பே சொல்லி வைத்தால், உங்களுக்குத் தேவையான அளவு வளர்த்துத் தருவார்கள்.