குரல் கம்மினால் நெஞ்சுக்கு எதற்கு ஸ்கேன்? காது மூக்கு தொண்டை டாக்டர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். பேசினால் காற்றுதான் வருகிறது, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. இடது குரல் நாண் அசையவில்லையாம். மறுபடியும் ஆபரேஷனா டாக்டர்?

பதில்: இப்போதே வேண்டாம். குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. அது அறுபடாமல் இழுபட்டோ நசுங்கியோ இருந்தால் தானாகத் தேறலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுத்துப் பார்ப்போம். அதுவரை அம்மா சும்மா அவதிப்பட வேண்டியதில்லை. இரண்டு நாணும் நடுவில் சேராததால்தான் காற்று ஒழுகுகிறது, தண்ணீரும் வழி தவறுகிறது. அசையாத நாணுக்குள் ஹயலுரானிக் அமில ஜெல்லை ஊசியால் ஏற்றி நடுவுக்குத் தள்ளலாம். சில மாதம் தாங்கும். பெரும்பாலும் மரத்துப்போக மருந்து கொடுத்து, உட்கார வைத்தே செய்துவிடுகிறோம். "ஈ" சொல்லச் சொல்வேன். கரகரவென்று வந்த சத்தம் சட்டென்று தெளியும் இடத்தில் கை நின்றுவிடும், அதற்கு என் காதுதான் அளவுகோல்.

வருடம் ஆகியும் அசையாவிட்டால் தைரோபிளாஸ்டி. ஜப்பான் டாக்டர் இஷிக்கி 1974-ல் வகைப்படுத்திய முறை: குரல்வளைக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, சிலிக்கோன் துண்டு வைத்து நாணை உள்ளே தள்ளுவது. இப்போதைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள், தண்ணீரைச் சின்ன மடக்காகக் கொடுங்கள். காய்ச்சலும் சளியும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. ஆறு வாரமாகக் குரல் கம்மல், இடது நாண் வேலை செய்யவில்லை. தொண்டைக்குப் போனால் நெஞ்சுக்கு சி.டி. எழுதுகிறார்கள். பணம் பிடுங்கும் வேலையா?

பதில்: இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இடப்பக்க நரம்பு நேராகத் தொண்டைக்கு வராது. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. நுரையீரல் கட்டி, காசநோய் நெறிக்கட்டி, வீங்கிய தமனி என்று வழியில் எது அழுத்தினாலும் குரல்தான் முதலில் போகலாம். இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இப்படிக் குரல் கம்முவதை ஆர்ட்னர் என்ற டாக்டர் 1897-லேயே எழுதிவைத்தார். ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களும் நிறைய உண்டு, பயப்படாமல் எடுங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக மூக்கில் பொருக்கு, ரத்தம். சைனஸ் என்று நாலு முறை ஆன்டிபயாடிக். இப்போது மூட்டுவலியும் காது அடைப்பும்.

பதில்: ஐந்தாவது கோர்ஸ் வேண்டாம். ரத்தக்குழாய் அழற்சி நோய் ஒன்று இப்படித்தான் மூக்கில் தொடங்கி, சத்தமில்லாமல் சிறுநீரகத்துக்கும் போகும். சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின், ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனைகள், நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள். மூக்கிலிருந்து சதைப் பரிசோதனையும் தேவைப்படும். மூக்குக்கு வந்தவரிடம் சிறுநீர் கேட்டால் முறைப்பார்கள், நான் பழகிவிட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு. ராத்திரி தூங்கவிடாத காதுவலி. சொட்டு மருந்து போதுமா?

பதில்: போதாது. கிருமி காதுக்குழாயிலிருந்து எலும்புக்குள் இறங்கியிருக்கலாம். நாளைக்கே காட்டுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.