அமெலோஜெனிசிஸ்: கேள்வி பதில்

கேள்வி: அமெலோஜெனிசிஸ் என்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்?

பதில்: பல்லின் எனாமல் உருவாவதுதான் அமெலோஜெனிசிஸ். 'அமெல்' பழைய பிரெஞ்சு வழி வந்தது. உலோகத்தின் மேல் உருக்கிப் பூசும் கண்ணாடிப் பூச்சைக் குறித்த சொல். 'ஜெனிசிஸ்' கிரேக்கம், பிறப்பு என்று பொருள்.

வேலை செய்வது அமெலோபிளாஸ்ட் செல்கள். பல் ஈறுக்குள் இருக்கும்போதே, கீழே டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல் திசு) கொஞ்சம் படிந்த பிறகு ஆரம்பிக்கும். முதலில் அமெலோஜெனின் மிகுந்த புரதக் கலவையைச் சுரந்துகொண்டே பின்வாங்கும், நாளுக்குச் சுமார் 4 மைக்ரான். அந்த நாள்கணக்கு நுண்ணோக்கியில் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். பால்பற்களில் பிறந்த வேளையே ஒரு கோடாகப் பதிந்திருக்கும்! அப்புறம் நொதிகள் புரதத்தைச் சிதைக்க, அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறும். முடிவில் எடையில் 96 சதவீதம் தாது. பல் முளைத்ததும் அந்தச் செல்கள் இருக்காது.

கேள்வி: தேய்ந்த எனாமல் மறுபடி வளருமா?

பதில்: வளராது. மேலே கடைசி வரி.

கேள்வி: மகனுக்கு 'அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்றார்கள். பேஸ்ட் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அது எனாமல் சரியாக உருவாகாத மரபணுக் கோளாறு, உங்கள் தவறு அல்ல. குழந்தைகள் பல் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள்.

கேள்வி: எனாமலை வளர்க்கும் பேஸ்ட் என்று விற்கிறார்களே?

பதில்: மறுபடியுமா! அரிக்க ஆரம்பித்த எனாமலுக்குள் ஃபுளோரைடு உதவியால் தாது திரும்ப ஏறும். அது பழுதுபார்ப்பு. உடைந்து போன பகுதியைக் கட்டித் தர ஆளில்லை. புளிப்பாக எதையாவது குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த பேஸ்ட் போட்டபின் எனக்குக் கூச்சமே போய்விட்டது. எனாமல் வளராமல் எப்படி?

பதில்: கூசுவது டென்டின். அதிலுள்ள நுண்குழாய்களின் வாயைச் சில பேஸ்ட்கள் அடைக்கும், சில நரம்பை மந்தப்படுத்தும். கூச்சம் குறைந்தது உண்மைதான், நீங்கள் சொல்லும் காரணம் தவறு. புளிப்பு விஷயமும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: பல்லை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லலாமாமே?

பதில்: அருமையான கேள்வி! அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமிலும் உண்டு. தடயவியலில் சோதிக்கும் பகுதி எக்ஸில் 6 டிஎன்ஏ எழுத்து குட்டை. இரண்டு நீளமும் தெரிந்தால் பொதுவாக ஆண். டிஎன்ஏவைப் பல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை, ரத்தமும் போதும்.

கேள்வி: எனாமல் திரும்ப வளர என்ன சாப்பிடலாம்?

பதில்: இரண்டாவது பதில்.