பொறுத்தவர்களும் பூமியும் – கடிதம்

வணக்கம் சார்,

இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் சிட்டி, மேல் பிரிவுக்கு உயர்வதற்காக 1999-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஜில்லிங்ஹாமுடன் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். நானும் சிட்டி ரசிகன்தான். ஆனால் 2012-ல் அகுவேரோ அடித்த அந்தக் கடைசி நேர கோலுக்குப் பிறகு வந்தவன். அப்போது பத்தாம் வகுப்பு. எங்களைப் போன்றவர்களைப் பழைய ரசிகர்கள் 'பிளாஸ்டிக்', அதாவது போலி ரசிகர்கள், என்கிறார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

என் கேள்வி இதுதான். 35 வருடம் ஒரு பெரிய கோப்பைகூட இல்லாமல் அந்த மனிதர்கள் மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எல்லாமே கிடைத்தது. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? அப்புறம், பழைய ஆட்டங்களில் நான் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அந்தப் பழமொழிதான் எனக்கு இடிக்கிறது. சிட்டி விஷயத்தில் பொறுத்தவர்கள் வேறு, பூமியை வாங்கியவர்கள் வேறு. 2008 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டத்தில், சிட்டி மிடில்ஸ்பரோவிடம் 8-1 என்று தோற்றது. செப்டம்பர் 1-ம் தேதி அபுதாபியின் ஷேக் மன்சூர் தரப்பு கிளப்பைக் கையில் எடுத்தது; அன்றைக்கே 3 கோடியே 25 லட்சம் பவுண்டு கொடுத்து பிரேசில் வீரர் ரொபினோவைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட அந்த நான்கு மாதத்தில் ரசிகர்களின் பொறுமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது காசோலை மட்டும்தான். கிளப்பின் பணக் கணக்குகள் பற்றி 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியதும், கிளப் அவற்றை மறுப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்று நம்புகிறவர்கள் மான்செஸ்டருக்கு வடக்கே சில மைல் போய் பரி என்ற ஊரைப் பார்க்க வேண்டும். பரி கிளப் 1885-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் பழைய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0 என்று அடித்தது. அந்த வித்தியாசத்தை நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் தொடவில்லை. 1998 பிப்ரவரியில் இதே பரி சிட்டியின் சொந்த மைதானமான மெயின் ரோட்டுக்கு வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அடுத்த சீசனில் பரி இரண்டாம் பிரிவில், சிட்டி மூன்றாம் பிரிவில்! இன்று சொன்னால் சிரிப்பார்கள்.

2019 மே 18 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் சிட்டி வாட்ஃபோர்டை 6-0 என்று வென்று பரியின் அந்தப் பழைய சாதனையைச் சமன் செய்தது. அதே ஆகஸ்ட் 27-ம் தேதி பரி லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் காட்ட முடியவில்லை. அதற்கு முந்தைய சீசனில்தான் அந்த அணி மேல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. அதுவும் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகாத நிலையில். கடைசி நாளன்று, யாராவது வாங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் துடைப்பமும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு போய் கிக் லேன் மைதானத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய விசுவாசத்தில் எந்தக் குறையைச் சொல்வீர்கள்? சீட்டு கட்டுவது போல வருடாவருடம் விசுவாசத்தைக் கட்டி வந்தால் ஒருநாள் நம் பெயருக்கும் விழும் என்று கால்பந்தில் எந்த விதியும் கிடையாது.

முழு நியாயமும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. 1998-99 சீசனில், மூன்றாம் பிரிவில் உழன்றபோது, மெயின் ரோட்டுக்குச் சராசரியாக 28,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பிரிவில் பல கிளப்புகளுக்கு இதில் கால்வாசி வந்தாலே பெரிய விஷயம். 2002 காமன்வெல்த் போட்டிக்காக நகரம் ஒரு பெரிய மைதானத்தைக் கட்டியபோது, போட்டி முடிந்ததும் அதை யார் நிரப்புவார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக இந்தக் கூட்டம் இருந்தது. 2003-ல் சிட்டி அங்கே குடியேறியது. கூட்டமும் புது மைதானமும் உள்ள கிளப் என்பதால்தான் வெளிநாட்டுப் பணம் இதன் மேல் கண் வைத்தது என்று வாதிடலாம். நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த 28,000 பேரில் ஒருவர்கூட வளைகுடாவிலிருந்து யாராவது வருவார்கள் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கவில்லை.

அப்படியானால் ஏன் வந்தார்கள்? நீங்கள் அந்த 35 வருடத்தை ஒரே நீளமான காத்திருப்பாகப் பார்க்கிறீர்கள். வாழ்ந்தவர்கள் அப்படி வாழவில்லை. 1976 லீக் கோப்பைக்கும் 2011 எஃப்.ஏ. கோப்பைக்கும் நடுவில் அவர்களுக்கு நடந்தவை வேறு யாருக்கும் நடக்காதவை. 1983-ல் கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும் என்ற நிலையில், 86-வது நிமிடத்தில் லூட்டன் அணியின் ராடி ஆன்டிச் கோல் அடித்தார். சிட்டி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. எண்பதுகளின் கடைசியில் ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் வாழைப்பழங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். (இது வேறு பிளாஸ்டிக்.) 1988 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஸ்டோக்கில் வேஷம் போட்டுக்கொண்டு, வாழைப்பழத்தோடு ஒரு பெரும் கூட்டமே போய் இறங்கியது. சிட்டி 3-1 என்று தோற்றது. அந்த நாளைப் பற்றி இன்றும் கல்யாண வீட்டுக் கதை போலச் சொல்கிறார்கள். ஸ்கோரைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது ஜேமி பொல்லாக்கின் சேம் சைடு கோல். 1998 ஏப்ரல், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டம். எதிராளியின் தலைக்கு மேலே பந்தை அழகாகத் தூக்கிவிட்டு, திரும்பி, சொந்த கோல்கீப்பரைத் தாண்டித் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ஆட்டம் 2-2. ரேஞ்சர்ஸ் தப்பித்தது, ஒரே ஒரு புள்ளி குறைந்த சிட்டி, கடைசி நாளில் ஸ்டோக்கை 5-2 என்று வென்றும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. பதினான்கு வருடம் கழித்து அகுவேரோ அந்த கோலை அடித்ததும் இதே ரேஞ்சர்ஸுக்கு எதிராகத்தான். உங்கள் முதல் ஆட்டத்தின் எதிரணி, பழைய ரசிகருக்கு ஒரு பழைய கணக்கு.

விசுவாசிகளைக் கோயில் சிலையாக்கவும் வேண்டாம். 1999 மே 30 அன்று வெம்ப்ளியில் ஜில்லிங்ஹாம் 87-வது நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தபோது, சிட்டி ரசிகர்களில் பலர் எழுந்து வெளியே போனார்கள். நான்கு நாள் முன்புதான் பக்கத்து வீட்டு மான்செஸ்டர் யுனைடெட் பார்சிலோனாவில் அந்த சீசனின் மூன்றாவது கோப்பையை எடுத்திருந்தது. யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? கெவின் ஹார்லாக் ஒன்று அடித்தார், 95-வது நிமிடத்தில் பால் டிக்கோவ் இன்னொன்று. சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தவர்கள் உண்டு. பெனால்டியில் நிக்கி வீவர் காப்பாற்றினார். அதற்கு முந்தைய டிசம்பரில், மான்ஸ்ஃபீல்டுடன் நடந்த ஒரு சின்னக் கோப்பை ஆட்டத்துக்கு மெயின் ரோட்டில் வந்திருந்தவர்கள் மொத்தம் 3,007 பேர். சிட்டி தோற்றது. அன்றைக்கு நானும் இருந்தேன் என்று இப்போது சொல்பவர்களை எல்லாம் உள்ளே விட்டால் மைதானம் தாங்காது.

இதிலிருந்து உங்கள் 'பிளாஸ்டிக்' விவகாரத்துக்கு வரலாம். ஜெயிக்கிற அணியைப் பார்த்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன் மயங்குவதில் என்ன தப்பு? 1968-ல் சிட்டி லீக்கை வென்றபோது மயங்கிய பள்ளிப் பையன்கள்தான் பிறகு அந்த 35 வருடத்தையும் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 'நாம் 35 வருடம் காத்திருந்தோம்' என்று எழுதாதீர்கள். பழைய ஆட்களுக்கு எரிச்சல் வருவது நீங்கள் சந்தோஷப்படுவதால் அல்ல, அவர்களுடைய தோல்விகளையும் சேர்த்து உரிமை கொண்டாடுவதால். அவற்றுக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி கோப்பை இல்லாமல் கழித்த வருடங்களை எண்ணி ஒரு பேனர் தொங்கும். வருடாவருடம் எண்ணை மாற்றுவார்கள். 2011-ல் சிட்டி ஸ்டோக்கை 1-0 என்று வென்ற பிறகுதான் அது இறங்கியது. அதிலும் பாருங்கள், சிட்டி கோப்பையைத் தூக்கிய அதே நாளில் யுனைடெட் தன் 19-வது லீக் பட்டத்தை உறுதி செய்தது. நிம்மதியாக ஒருநாள் கொண்டாடக்கூட விடவில்லை.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது? ஜில்லிங்ஹாம் ஆட்டத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. 1996 மே 5, லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடுங்கள். இரண்டு கோல் பின்தங்கியிருந்த சிட்டி 2-2 என்று சமன் செய்துவிட்டது. டிராவே போதும் என்று ஒரு தப்பான தகவல் எப்படியோ உள்ளே வர, கீழே போகாமல் தப்பிக்க இன்னொரு கோல் தேவைப்படும் நேரத்தில் ஸ்டீவ் லோமாஸ் பந்தைக் கொடிக்கம்பத்து ஓரத்துக்குக் கொண்டுபோய் நேரத்தைக் கடத்துகிறார். ஏற்கெனவே மாற்றப்பட்டு வெளியே போயிருந்த நயல் குவின், உண்மை தெரிந்து, கோட்டோரம் ஓடிவந்து கத்துகிறார். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்த்தாலும் போதும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.