‘12 ஜிபி ராம்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடுவதா?

கேள்வி: 2010இல் வந்த முதல் ஐபேட் 100 மலேசிய வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிறது. மகளின் படிப்புக்கு வாங்கலாமா? (செந்தூல்)

பதில்: வேண்டாம். ராம் (செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 256 எம்பிதான், கேமராவே கிடையாது. அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 5.1.1க்கு மேல் ஏறாது. இன்றைய பாடச் செயலிகள் அதில் இறங்கா.

கேள்வி: விண்டோஸ் டேப்லெட் 2002லேயே வந்துவிட்டதே, ஐபேட் மட்டும் எப்படி ஓடியது? (பாயான் லெப்பாஸ்)

பதில்: மேசைக் கணினிக்குச் செய்த மென்பொருளைப் பேனாவால் குத்திக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? விலையும் மடிக்கணினி விலை. ஐபேட்டின் திரை விரலுக்கென்றே அமைந்தது. எடை 680 கிராம், ஆரம்ப விலை 499 அமெரிக்க டாலர். ஐபோன் செயலிகளும் அதில் ஓடியதால் வாங்கிய அன்றே வேலைக்கு ஆனது. 2010 ஏப்ரல் 3ஆம் தேதி அமெரிக்காவில் கடைக்கு வந்து, முதல் நாளே 3 லட்சம், 28 நாளில் 10 லட்சம் விற்றது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் பெயர் தெரியாத மலிவு டேப்லெட்டுகளும் குவிந்தன. பலவற்றில் நகத்தால் அழுத்தினால்தான் திரை கேட்கும். என் காசும் அப்படி ஒன்றில் போயிருக்கிறது.

கேள்வி: ‘12 ஜிபி ராம், 512 ஜிபி சேமிப்பிடம்’ என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 250 வெள்ளிக்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். ஒரே தடுமாற்றம். சேமித்த காணொளிகள் திறக்கவில்லை. (பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா, ஏமாற்றியது விற்றவர். இந்த எண் விளையாட்டைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ‘12’ என்பது பல சமயம் 4+8: உண்மையான ராம் 4, மீதி 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பிடம் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. செயலி மாற்றும்போதெல்லாம் திணறும். 512ஐ அமைப்புகளில் பார்த்துப் பயனில்லை, அந்த எண்ணையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். கணினியிலிருந்து பெரிய காணொளிகளை நிரம்பும்வரை ஏற்றி, கடைசியில் ஏற்றியவற்றைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் கொள்ளளவு பொய். அதைக் கைப்பேசியில் படம்பிடியுங்கள்.

வாங்கிய தளத்தில் ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை இன்னும் அழுத்தவில்லையென்றால் அழுத்தாதீர்கள். முதலில் அந்தத் தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால், விற்றவர் மலேசியாவில் இருக்கும் பட்சத்தில், பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். விளம்பரப் படம், ரசீது, உரையாடல் மூன்றையும் இணையுங்கள். விளம்பரத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் போனதும் அழித்துவிடுவார்கள்.

கேள்வி: கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ரசீது இல்லாமல் ஒரு டேப்லெட் வாங்கினேன், மலிவாகக் கொடுத்தார்கள். பெட்டியை வீட்டில்தான் திறந்தேன், திரையில் கோடு. (கிள்ளான்)

பதில்: ரசீதும் கேட்கவில்லை, பெட்டியையும் திறக்கவில்லை, எதை நம்பிப் பணம் கொடுத்தீர்கள்? அட்டையில் கட்டியிருந்தால் அந்த வங்கிப் பதிவை எடுத்துக்கொண்டு இன்றே கடைக்குப் போங்கள்.