தீயில் எஞ்சிய வீடு – கடிதம்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அப்பா 1974-இல் கிரயம் வாங்கிய பழைய வீடு, கடந்த ஆடி மாதத்தில் ஓர் இரவு தீப்பிடித்துவிட்டது. அம்மா தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தார் கதவை இடித்து அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அடுக்களையும், சாமான் வைக்கும் உள்ளறையான அரங்கும் முழுக்க எரிந்துபோயின. கூடமாகிய பட்டாசலின் ஓடு பாதி சரிந்து, உத்திரங்கள் கரியாக நிற்கின்றன. முன்கட்டான தார்சாவிலும் திண்ணையிலும் புகை மட்டும் படிந்திருக்கிறது. அரங்கிலிருந்த பெட்டியோடு வீட்டுப் பத்திரமும் எரிந்துவிட்டது. அப்பா உயில் எழுதாமல் காலமானவர். அண்ணன்மார் இருவரும் எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம், இல்லையென்றால் மனையை விற்றுவிடலாம் என்கிறார்கள். பழைய வீடு அப்படியே வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். இப்போது எதிர்வீட்டில் தங்கியிருக்கும் அவர், தினமும் விடியற்காலையில் போய் எரிந்த வீட்டின் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருகிறார். கட்டிக்கொடுத்துவிட்ட பெண்ணாகிய நான் இதில் வாய் திறக்கலாமா என்று தெரியவில்லை. உங்கள் வீடும் ஒருமுறை எரிந்து மீண்டது என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா பிழைத்ததே பெரிது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படங்களை அதைவிட அதிக நேரம் பார்த்தேன்.

இடிப்பதா காப்பதா என்ற பேச்சு தீரும்வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு இரண்டு மாதங்களே இருக்கின்றன. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கூரை இருக்கும்வரை அந்தச் சுவர் நூறு வருடமும் நிற்கும். கூரை போய், சுவரின் தலை வழியாக மழைநீர் உள்ளே இறங்கிவிட்டால் ஒரே பருவத்தில் கரைந்து சரியும். தீ விட்டுவைத்ததை மழை கொண்டுபோய்விடும் என்று நான் அஞ்சுகிறேன். ஆகவே அண்ணன்மாரிடம் வேறு எதையும் பேசுவதற்கு முன்னால், சுவர்த் தலைகளையெல்லாம் மூடும்படி கனத்த தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள். சாய்ந்து நிற்கும் ஓட்டையும் கைமரங்களையும் ஆள் வைத்துப் பத்திரமாக இறக்குங்கள். அதுவரை அம்மா வாசலோடு நிற்கட்டும், உள்ளே போக வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. அடுக்களைத் தரையில் அலுமினிய இட்லிப் பானை உருகி, கொட்டிய பால் போலப் பரந்து உறைந்திருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி அம்மாவின் பித்தளைக் குடம் கறுத்துப்போய், ஆனால் வடிவம் குலையாமல் நிற்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பித்தளை உருக 900 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அந்த இடத்தில் தீ எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அந்த இரண்டு பாத்திரங்களும் சாட்சி. பொறியாளர் வந்து பார்க்கும்வரை அவற்றை அப்புறப்படுத்தாதீர்கள்.

அந்தச் சூட்டைக் கான்கிரீட் தாங்காது. அடுக்களையின் மேல்தளம் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் என்பது படத்திலேயே தெரிகிறது. அதன் அடிப்பக்கம் உதிர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, ஓரங்கள் இளஞ்சிவப்பாக மாறியிருக்கின்றன. ஏறக்குறைய 300 டிகிரியைக் கடந்த கான்கிரீட்டில்தான் அந்த நிறம் தோன்றும். அதற்கு மேல் அதன் வலு வேகமாகக் குறையும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியோ 600 டிகிரியை நெருங்கும்போது பாதி வலுவை இழந்துவிடும். என் கணிப்பில் அந்தத் தளத்தை எடுத்துவிட வேண்டியதுதான். இந்த ஒன்றில் அண்ணன்மார் சொல்வதே சரி. கல்லும் தீயைத் தாங்கும் என்று நம்பிவிட முடியாது. மதுரைக் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் 2018 பிப்ரவரியில் தீப்பிடித்தபோது கருங்கல் தூண்கள் வெடித்துச் சிதைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பட்டாசல் உத்திரங்களின் கதை வேறு. கரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கரியானது மேல்தோல் மட்டுமாக இருக்கக்கூடும். பெரிய மரம் எரியும்போது அதன் மேற்பரப்பில் உண்டாகும் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகி, சூடு உள்ளே போவதைத் தடுக்கிறது. தேக்கு போன்ற கெட்டி மரம் ஒரு மணி நேரத் தீயில் பக்கத்துக்கு 3 அல்லது 4 சென்டிமீட்டர் ஆழம்தான் கரியாகும். எங்கள் வீடு எரிந்தபோது, விறகுக்குக்கூட ஆகாது என்று எல்லோரும் கைவிட்ட உத்திரத்தின் மேல் தச்சாசாரி ஏறி உட்கார்ந்து வாய்ச்சியால் செதுக்கத் தொடங்கினார். கரி சில்லு சில்லாகக் கீழே விழுந்தது. இரண்டு விரற்கடை ஆழம் போனதும் வாய்ச்சியின் சத்தம் மாறியது. தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. புகைநாற்றம் மண்டிய அந்த வீட்டில் புதுத் தேக்கின் எண்ணெய் வாசம் எழுந்தது. கீழே நின்றிருந்த என் தாயார் அப்போதுதான், தீப்பிடித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக, அழுதார். ஒன்பது அங்குல உத்திரம் ஏழு அங்குலமாகிவிட்டதால் நடுவில் ஒரு தூண் கொடுத்தோம். பட்டாசலில் இடையில் நிற்கும் அந்தத் தூணில்தான் இன்றும் வீட்டுப் பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

உங்கள் உத்திரமும் அப்படியே இருக்கும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள கட்டமைப்புப் பொறியாளரையும் வயதான ஆசாரி ஒருவரையும் ஒரே நாளில் சேர்த்து அழைத்துப் போங்கள். ஒருவர் கணக்குப் பார்ப்பார், மற்றவர் தட்டிப் பார்ப்பார், இரண்டும் வேண்டும். உத்திரம் சுவரில் உட்காரும் இரு முனைகளையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். தீப்பட்ட மரம் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டு. அம்மாவுக்கு அந்த எண்ணம் இருந்தால் அதோடு வாதாட வேண்டாம். புகை படிந்த தார்சாச் சுவரை எடுத்த எடுப்பில் நீர் விட்டுக் கழுவினால் கரி உள்ளே ஊறிவிடும். முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பழைய சுவரின் மேல் சிமென்ட் பூச விடாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் சுவரை அரிக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து.

நீங்கள் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. அப்பா தம் பணத்தில் தம் பெயரில் வாங்கி, உயில் எழுதாமல் போன சொத்து அது. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இல்லையென்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கட்டிக்கொடுத்துவிட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. உங்கள் கையெழுத்தும் அம்மாவின் கையெழுத்தும் இல்லாமல் மனையை முழுதாக விற்க முடியாது. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச உங்களுக்கு இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பத்திரம் எரிந்ததால் உரிமை எரிந்துவிடவில்லை. சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் அதன் பதிவு இருக்கும். சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். 1974-ஆம் ஆண்டுப் பதிவு என்பதால் நேரில் போய்த் தேடச் சொல்ல வேண்டியிருக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதும், தீயணைப்பு நிலையத்தில் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்மாரின் மனத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். தாய் தனியாகத் தூங்கிய வீட்டில் தீப்பிடித்தது என்ற செய்தியை நடு இரவில் தொலைபேசியில் கேட்டவர்கள் அவர்கள். அந்த வீட்டை இனி பார்க்கவே கூடாது என்று தோன்றுவது இயல்பு. அவர்களது பயத்துக்குப் பதில் சொல்லாமல் பழைய வீட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கதவை இடித்துத்தான் அம்மாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படியானால் அவர் படுக்கும் இடத்திலிருந்து, அடுக்களை வழியே போகாமல், புறவாசலுக்குப் போக ஒரு கதவு வேண்டும். வயதான கை இருட்டிலும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டும். எரிவாயு உருளை வெளிச்சுவரோடு இருக்க வேண்டும். எல்லாரும் சொல்வதுபோல மின்கசிவு என்ற ஒரு சொல்லோடு காரணத்தை முடித்துவிடாமல், பழைய ஒயரையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்து, ஒயரின் கனத்துக்கு ஏற்ற டிரிப்பர்களையும் கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியையும் வைக்கச் சொல்லுங்கள்.

ஆகவே, அம்மா கேட்கும் 'அப்படியே' முழுவதும் முடியாது. அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் யோசனை, முதலில் புது அடுக்களை ஒன்றைச் சிறியதாக, சீக்கிரமாகக் கட்டி முடியுங்கள். தார்சாவும் திண்ணையும் ஏற்கெனவே இருக்கின்றன. அடுப்பு எரியத் தொடங்கினால் பகல் முழுவதும் அவர் அங்கே இருக்கலாம். பட்டாசலை உத்திரத்தின் நிலை தெரிந்தபின், பணம் சேரச் சேரக் கட்டலாம். அதற்கு இரண்டு வருடம் ஆனாலும் ஆகட்டும். அம்மாவிடம் வரைபடத்தை நீட்டாதீர்கள். அடுக்களை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அந்தப் பித்தளைக் குடத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் அம்பாசமுத்திரம் வருகிறேன். எங்கள் உத்திரத்தைச் செதுக்கிய ஆசாரியின் மகனும் அதே தொழிலில்தான் இருக்கிறார். அவரையும் அழைத்து வருகிறேன். அதற்குள் தார்ப்பாய் கட்டியாயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி