கமரா மேல் வைக்கச் சின்ன மைக்: எதை வாங்குவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். எங்கள் பகுதியிலும் செட்டியார் தெருவிலும் நெடுங்காலமாக வாழும் பெரியவர்களைக் கதைக்க வைத்து வீடியோ எடுத்து வருகிறேன். என்னிடம் கெனன் எம்50 கமராவும் அதோடு வந்த 15-45 லென்ஸும் இருக்கின்றன. படம் நன்றாக வருகிறது. குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பின்னால் ஃபேன் சத்தம், அதோடு ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். சில நாட்களில் காலிமுகத்திடலிலும் எடுப்பேன். கமரா மேல் பொருத்தும் சின்ன மைக் ஒன்று வாங்க நினைக்கிறேன். குட்டையானது போதுமா, நீளமான ஷொட்கன் மைக் வேண்டுமா? விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. பற்றரி தேவைப்படாத குட்டை மைக் ஒன்று, காற்றின் இரைச்சலைத் தடுக்க அதற்கு ஓர் உரோம உறை, 3 மீற்றர் நீட்டிப்பு வயர் ஒன்று. இந்த மூன்றையும் வாங்குங்கள். நீளமான மைக் உங்கள் வேலைக்குத் தேவையில்லை. மூன்றிலும் நீங்கள் கேட்காதது அந்த வயர்தான். ஆனால் உங்கள் குரல் பிரச்சினையில் பாதிக்கு மேல் தீர்க்கப்போவதும் அதுதான்.

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல என்று எழுதியிருந்தீர்கள். அது தூரத்தின் சத்தம். ஒருவருடைய வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறையும். 30 சென்ரிமீற்றரில் இருந்த மைக்கை 2.4 மீற்றருக்குத் தள்ளினால் தூரம் மூன்று தடவை இரட்டிக்கிறது. குரல் 18 டெசிபல் இறங்கிவிடுகிறது. ஃபேன் சத்தமோ சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அப்படி இறங்குவதில்லை, அவை அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருக்கும். ஆகவே கமராவைத் தள்ளி வைக்க வைக்க, ஐயாவின் குரல் சிறுத்து அறையின் சத்தம் பெருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் அனுபவத்தில், கமரா மேல் வைத்த மைக் ஒரு மீற்றருக்குள் நல்ல குரல் தரும். ஒன்றரை மீற்றர் வரை சமாளிக்கலாம். அதற்கு அப்பால் மைக் தனியாகக் கழன்று ஆளுக்குக் கிட்டப் போக வேண்டும். அதற்குத்தான் அந்த வயர்.

சரி, நீளமான ஷொட்கன் மைக் தூரத்துக் குரலை இழுத்துக் கொண்டுவராதா? பலரும் அப்படி நம்பித்தான் காசைக் கொட்டுகிறார்கள். லென்ஸ் சூம் செய்வதுபோல எந்த மைக்கும் செய்வதில்லை. ஷொட்கன் மைக் என்பது ஒரு நீளக் குழல். அதன் பக்கவாட்டில் வரிசையாக வெட்டுகள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி அந்த வெட்டுகள் வழியாக முந்தியும் பிந்தியும் உள்ளே நுழைந்து, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். முன்னாலிருந்து வரும் ஒலி மட்டும் குலையாமல் சேரும். அதாவது அந்தக் குழல் முன்பக்கத்தைக் கூட்டுவதில்லை, பக்கங்களைக் குறைக்கிறது.

அந்தக் குறைப்பும் குழலின் நீளத்தைப் பொறுத்தது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடுகிறது. 1,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 34 சென்ரிமீற்றர் நீளம். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலை 3.4 மீற்றர். கமரா மேல் வைக்கிற குழல் ஒரு சாண் வந்தாலே பெரிது. அதனால் கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகளைப் பக்கத்தில் தடுக்க முடியும். காலி வீதி பஸ் என்ஜினின் உறுமலை அந்தக் குழலால் தடுக்க முடியாது. அலை குழலைவிடப் பல மடங்கு நீளம். உறுமல் கொஞ்சம் குறைந்தால், அது உள்ளே இருக்கும் ஒலி வாங்கும் தகட்டின் இயல்பால் குறைந்ததே தவிரக் குழலால் அல்ல.

வீட்டுக்குள் இன்னொரு சிக்கல். சீமெந்துத் தரை, வெறும் சுவர், உயர்ந்த கூரை உள்ள பழைய கொட்டாஞ்சேனை வீடுகளில் குரல் எல்லாப் பக்கமும் பட்டுத் தெறித்து முன்பக்கத்தாலும் வரும். அதைக் குழலால் பிரித்தறிய முடியாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் மாதிரிக் கருங்கல் மண்டபத்தில் நின்று கதைத்துப் பாருங்கள், நான் சொல்வது காதாலேயே விளங்கும். அப்படிப்பட்ட இடத்தில் திசை மைக்கை நம்பாமல் ஆளுக்குக் கிட்டப் போவதே வழி.

இனி வாங்கும் விஷயம். உங்கள் எம்50இல் 3.5 மில்லிமீற்றர் மைக் துளை உண்டு; ஹெட்ஃபோன் துளை இல்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் கமராவில் மைக் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கெனன் 1500டி, நிக்கோன் டி3500, சோனி ஏ6000 ஆகியவற்றில் அந்தத் துளையே கிடையாது. மைக்கை வாங்கி வந்தபிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன்.

பற்றரி இல்லாத மைக்குகள் கமராவிலிருந்து வரும் சிறு மின்சாரத்திலேயே ஓடும். மைக் துளை வழியாகக் கமராவே சில வோல்ட் கொடுக்கும், எம்50உம் கொடுக்கிறது. இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் வயதான சங்கீத ஆசிரியை ஒருவரைப் பதிவு செய்தேன். பற்றரியில் ஓடும் மைக். அதன் சுவிட்சைப் போட மறந்துவிட்டேன். 40 நிமிடம் அவர் தன் குருவைப் பற்றிக் கதைத்தார், நடுவில் பாடியும் காட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அடுத்த கிழமை திரும்பப் போனேன். அன்போடு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். ஆனால் பாட்டு வரவில்லை, தொண்டை சரியில்லை என்றார். அந்தப் பாட்டு என்னிடம் இல்லாமலே போய்விட்டது. நீங்கள் பதிவு செய்கிறவர்களும் பெரியவர்கள். மறப்பதற்கு ஒரு சுவிட்ச் இல்லாத மைக்கையே உங்களுக்குச் சொல்வேன்.

இந்த வகையில் மூன்று பெயர்கள். ஒன்று அவுஸ்திரேலிய நிறுவனமான ரோட் தரும் வீடியோமைக்ரோ. 2015இல் வந்தது, 42 கிராம்தான், உலோக உடல், உரோம உறையும் கூடவே வரும். அதன் இரண்டாவது பதிப்பும் இப்போது இருக்கிறது. அடுத்தது ஜெர்மனியின் சென்ஹைசர் எம்கேஈ 200. இது 2020இல் வந்தது. அதிர்வு தாங்கியும் காற்றுத் தடுப்பும் உடலுக்குள்ளேயே இருப்பதால் பைக்குள் போட்டு எடுக்க வசதி. கமராவுக்கும் ஃபோனுக்கும் தனித்தனி வயர் தருகிறார்கள். மூன்றாவது சீனத் தயாரிப்பான போயா எம்எம்1. விலை மற்ற இரண்டையும்விட நன்றாகக் குறைவு, இரண்டு வயரும் உரோம உறையும் பெட்டியிலேயே இருக்கும்.

விலை வித்தியாசம் எங்கே தெரியும்? அமைதியான அறையில், மெல்லக் கதைக்கிற ஆச்சியின் குரலில் தெரியும். விலை குறைந்ததில் மைக்கின் சொந்த இரைச்சல் கொஞ்சம் கூட, குரலின் அடிப்பகுதி கொஞ்சம் மெலிவு. செட்டியார் தெரு நகைக்கடை வாசலில் ஓட்டோக்களுக்கு நடுவே வைத்தால் என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே காசு இறுக்கமென்றால் கூச்சப்படாமல் போயாவையே வாங்கி, மிச்சத்தில் வயரும் நல்ல ஹெட்ஃபோனும் எடுங்கள். கொஞ்சம் தாராளமென்றால் வீடியோமைக்ரோவோ எம்கேஈ 200ஓ.

பற்றரி மைக் பக்கம் நான் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் போவேன். சென்ஹைசரின் எம்கேஈ 400 புதிய பதிப்பில் மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறது. எம்50 மாதிரிக் காதில் கேட்க வழியில்லாத கமராவுக்கு அது பெரிய உதவி. கமராவோடு சேர்ந்து தானாகவே இயங்கி நிற்பதால் நான் பட்ட பாடும் இல்லை. மூன்று நிலையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். விலைதான் கூட. எதிர்காலத்தில் இதையே தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வாங்கப் போகும்போது கமராவையும் மெமரி கார்டையும் கொண்டு போங்கள். கடைக்காரரை ஒரு மீற்றர் தள்ளி நின்று கதைக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு கமராவை முழுக்கத் திருப்பி, மைக்கின் முதுகு அவரைப் பார்க்க, அதே வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாகக் குறைய வேண்டும். கமராவின் உடலை விரலால் தேய்த்துப் பாருங்கள், வயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கறகறப்புக் கேட்டால் வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் கமராவின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். கார்டை ஒரு லப்டொப்பில் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு காதிலும் சத்தம் வர வேண்டும். ஒரு காதில் மட்டும் வந்தால் அல்லது ஒன்றுமே வராவிட்டால் வயர் பிழையாக இருக்கலாம்: கமராவுக்குரிய பிளக்கின் உலோக முனையைச் சுற்றிக் கோடுபோல இரண்டு வளையம், ஃபோனுக்குரியதில் மூன்று. நீட்டிப்பு வயரும் இரண்டு வளையமாகவே இருக்கட்டும். விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இரண்டு மூன்று கடையில் கேளுங்கள், உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

காலிமுகத்திடலுக்கு உரோம உறை கட்டாயம். பஞ்சு உறை மூச்சுக் காற்றையும் ஃபேன் காற்றையும் தாங்கும், கடற்காற்றைத் தாங்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் உரோமம் போட்டாலும் கடலுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் உடம்பாலேயே மைக்குக்கு மறைப்புக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றிக் காயவிடுங்கள். உப்பும் ஈரமும் மைக்குக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும்.

கமராவில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். நீங்கள் சொன்ன ‘ஸ்ஸ்’ இரைச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஒலிப்பதிவு தானியங்கியில் இருந்தால், ஐயா மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் கமரா ‘சத்தம் போதவில்லை’ என்று நினைத்து ஒலியைத் தானே கூட்டும். அப்போதுதான் இரைச்சலும் ஃபேனும் மேலெழும். மெனுவில் ஒலிப்பதிவை மனுவலுக்கு மாற்றுங்கள். அவரைச் சத்தமாகச் சிரிக்கவோ கூப்பிடவோ சொல்லி, திரையில் தெரியும் ஒலி அளவுகோல் -12 டெசிபலை எப்போதாவது தொட்டு இறங்கும்படி வையுங்கள். 0ஐத் தொட்டு வெடித்த குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருத்த முடியாது.

இப்போது அந்த 3 மீற்றர் வயர். ஐயாவைக் கதிரையில் இருத்திவிட்டு, மைக்கைக் கமராவிலிருந்து கழற்றி ஒரு மொனோபொட்டிலோ (கமரா தாங்கும் ஒற்றைக் கால் தடி), அது இல்லாவிட்டால் தும்புத்தடியின் நுனியிலோ கட்டுங்கள். அவருடைய தலைக்கு மேலே சற்று முன்னால், படச் சட்டத்துக்கு வெளியே, வாயிலிருந்து அரை மீற்றருக்குள் வைத்து நெஞ்சை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். இதில் இன்னொரு நன்மை உண்டு. மைக்கின் முதுகு இப்போது கூரையைப் பார்க்கிறது. அங்கேதான் ஃபேன் இருக்கிறது. இந்தக் குட்டை மைக்குகளுக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், ஆகவே அந்தச் சத்தம் தானாகவே தணியும். வெயில் நேரத்தில் முதியவர்களை ஃபேன் இல்லாமல் இருத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை, அதனால் இந்த முறையையே பின்பற்றுகிறேன். தரையில் ஒரு பாயை விரியுங்கள். தெருப்பக்க யன்னலைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். எல்லோருடைய ஃபோனையும் வயரிலிருந்து தள்ளி வையுங்கள், சில வேளை அவற்றின் சிக்னல் ‘டிர்ர்’ என்று உள்ளே ஏறும்.

நடந்தபடி எடுப்பதே இல்லை, எப்போதும் இருந்து கதைக்கும் நேர்காணல்தான் என்றால், சட்டையில் குத்தும் வயர் மைக் இதைவிட மலிவாக வேலையை முடிக்கும். போயா எம்1க்கு 6 மீற்றர் வயர் உண்டு. சிறு பற்றரியில் ஓடும், அதன் சுவிட்ச் கமரா நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சேலைத் தலைப்பும் சங்கிலியும் உரசாத இடமாகப் பார்த்துக் குத்துவதும் உங்கள் பொறுப்பு. நீங்கள் தெருவிலும் எடுப்பதால்தான் கமரா மேல் மைக்கை முதலில் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. கதை முடிந்ததும் பதிவை உடனே நிறுத்தாதீர்கள். யாரும் கதைக்காமல் அரை நிமிடம் அந்த அறையை அப்படியே பதிவு செய்யுங்கள். பின்னர் ஓர் இருமலையோ, இடையில் கேட்ட ஹோர்னையோ வெட்டி எடுக்கும்போது, அந்த இடத்தை நிரப்ப அதே அறையின் அதே அமைதி உங்களிடம் இருக்கும்.