தேவன் என்னைத் தெரிந்துகொண்டாரா என்று எப்படி அறிவது?

“ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். அப்படியானால் நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதாவது, இரட்சிப்புக்காகத் தேவன் தெரிவுசெய்தவர்களில் நீங்களும் ஒருவரா என்பது உங்கள் கேள்வி.

யாழ்ப்பாணத்திலேயே இதற்கு ஒரே பதில் கிடைக்காது. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் சபை, சீர்திருத்தவாதி ஜோன் கல்வின் வழி வந்தது. ஒல்லாந்தில் டோர்ட் நகரில் கூடிய அவர்களுடைய திருச்சபைப் பேரவையான டோர்ட் சங்கம் (1618–19) சொன்னது இது: நாம் விசுவாசிப்போம் என்று முன்கூட்டியே பார்த்துத் தேவன் நம்மைத் தெரிவுசெய்யவில்லை, தெரிவு முழுக்கக் கிருபை, விசுவாசமே அதன் கனி. 1814இல் வந்த மெதடிஸ்தர்கள், தங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் பக்கம். கிருபை எல்லாருக்கும் உண்டு, ஆனால் அதை உதறிவிடவும் முடியும் என்பார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். தேவனின் இரகசியத்தைத் துருவிப் பார்க்கச் சொல்லி டோர்ட் சங்கமும் சொல்லவில்லை. கிறிஸ்துவில் விசுவாசம், பாவத்துக்காகத் துக்கம், நீதியின்மேல் பசி, இவை உன்னிடம் இருக்கின்றனவா என்று பார் என்றது. விழுந்ததற்காக உங்கள் மனம் நோகிறதே, அதை நான் நல்ல அடையாளமாகவே எடுப்பேன்.

நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் (உதாரணம் சைவக் கோயில்தான், பரவாயில்லை) பிள்ளையின் பிடி தளரும். அப்பா மணிக்கட்டைப் பிடித்திருப்பார். தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்தும் பிதாவின் கையிலிருந்தும் பறிக்க முடியாது என்று இயேசு சொல்லும் யோவான் 10:28–29 பேசுவது அப்படிப்பட்ட பிடியைப் பற்றி.